ரிவெலின் பள்ளத்தாக்கின் பழைய நீராலைகளைத் தேடிச் செல்வது எப்படி

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மேற்கு விளிம்பில் இருக்கும் ரிவெலின் பள்ளத்தாக்குக்கு முதன்முறை போகிறவர்களில் பலர், நல்ல காடு, நல்ல ஓடை, நல்ல காற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அந்தச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் 20 நீராலைகளும் அவற்றுக்கான 21 குளங்களும் ஒரு காலத்தில் இருந்தன என்று சொன்னால் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆலை என்றதும் புகைபோக்கியும் உயரமான சுவரும்தான் மனத்தில் வருகின்றன. இங்கே கூரையோடு நிற்கும் ஆலைகள் அரிது. கட்டடங்கள் இடிந்தும் இடிக்கப்பட்டும் போய்விட்டன, கற்கள் வேறு சுவர்களுக்குப் போய்விட்டன. ஆனால் ஆற்றைத் தடுத்து, திருப்பி, தேக்கி, விழச்செய்து, மறுபடி ஆற்றிலேயே சேர்த்த ஏற்பாடு மட்டும் அநேகமாக முழுமையாக இருக்கிறது. சுவரைத் தேடிக்கொண்டு போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது; தண்ணீர் எந்த மட்டத்தில் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டு போகிறவருக்கு ஒவ்வொரு இருநூறு அடிக்கும் ஏதாவது கிடைக்கும். அப்படிப் பார்க்கப் பழகும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷெஃபீல்டில் டான், ஷீஃப், ரிவெலின், லாக்ஸ்லி, போர்ட்டர் புரூக் என்று ஐந்து ஆறுகள் ஓடுகின்றன. டானைத் தவிர மற்றவை ஆறு என்று சொல்வதற்கே சற்றுக் கூச்சப்பட வேண்டிய அளவில் சிறியவை. பல இடங்களில் நான்கு எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் மேற்கே உள்ள மேட்டு நிலத்திலிருந்து நகரத்துக்குள் அவை சரிவாக இறங்குகின்றன, மேட்டில் மழைக்கும் குறைவில்லை. பெரிய ஆறு ஒரே இடத்தில் தரும் விசையை இந்தச் சிற்றாறுகள் துண்டு துண்டாக நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தந்தன. அந்த விசையில் பெரும்பகுதி சாணை பிடிப்பதற்கே போயிற்று. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள், முள்கரண்டி ஆகியவற்றை அடித்து வடிப்பதற்கு ஒரு கொல்லனும் உலையும் போதும். கூர் தீட்டுவதற்குத்தான் ஓயாமல் சுழலும் கல் வேண்டும். இதனால் ஷெஃபீல்டில் ‘வீல்’ என்றாலே நீர்ச்சக்கரத்தால் ஓடும் சாணைக் கூடம் முழுவதையும் குறிக்கும். வரைபடத்தில் வோல்ஃப் வீல், ஸ்வாலோ வீல், பிளாங்க் வீல், ரோஸ்கோ வீல் என்றெல்லாம் பார்க்கும்போது, சக்கரத்தை மட்டும் தேடாமல் ஒரு தொழிற்கூடம் இருந்த இடத்தைத் தேட வேண்டும்.

முதலில் ஓடுகிற ஒன்றைப் பாருங்கள்

இடிபாட்டைப் படிப்பதற்கு முன் முழுமையான ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் போர்ட்டர் புரூக் ஓடையில் ஒயிட்லி வுட்ஸ் பகுதியில் உள்ள ஷெப்பர்ட் வீலைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1584ஆம் ஆண்டின் ஓர் உயிலில் இந்த இடத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1930களில் வேலை நின்றது. பழுது பார்க்கப்பட்டு 2012 முதல் மறுபடி சக்கரம் சுழல்கிறது. திறந்திருக்கும் நாட்களும் சக்கரம் ஓட்டப்படும் நேரங்களும் குறைவு. குளத்தில் தண்ணீர் போதாவிட்டால் சக்கரம் ஓடாது. ஆகவே முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

உள்ளே போவதற்கு முன் கட்டடத்தின் பக்கவாட்டில் நின்று சக்கரத்தைப் பாருங்கள். குறுக்களவு சுமார் ஐந்தரை மீட்டர். தண்ணீர் சக்கரத்தின் உச்சியில் விழுந்து, தொட்டிகளை நிரப்பி, தன் பாரத்தால் சக்கரத்தைக் கீழே இழுக்கிறது. மதகுப் பலகையைத் தூக்கியதும் சக்கரம் சட்டென்று சுழன்றுவிடுவதில்லை. இரண்டு மூன்று தொட்டிகள் நிரம்பும்வரை முனகிக்கொண்டு நிற்கும், பிறகு ஈரமான பெருமூச்சு போன்ற ஓசையோடு நகரத் தொடங்கும். அந்த மெதுவான சுழற்சியைப் பற்சக்கரங்களும் தோல்பட்டைகளும் உள்ளே வேகமாக்கிச் சாணைக்கற்களுக்குக் கொடுக்கின்றன. தொழிலாளி கல்லுக்குப் பின்னால், குதிரைமேல் உட்காருவதுபோல் ஒரு மரக்கட்டையில் கால் அகற்றி உட்கார்ந்து, குனிந்து வேலை செய்தான். கல்லின் அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டியில் நனைந்துகொண்டே சுழலும். நனைத்துத் தீட்டியவர்களுக்கும்கூட நெஞ்சு நோய் வந்தது; முள்கரண்டிபோன்ற சாமான்களை உலர்வாகத் தீட்டியவர்கள் கல்தூசியையும் எஃகுத்தூசியையும் நாள் முழுவதும் சுவாசித்து இளவயதிலேயே மாண்டார்கள். கல் விரிசல்கண்டு வேகத்தில் வெடித்து ஆளைக் கொன்றதும் உண்டு. வெளியே காட்டில் நடக்கும்போது காணும் அமைதி பிற்காலத்தது என்பதை இந்த இரண்டு சிறிய அறைகள் உணர்த்திவிடும்.

பிறகு கட்டடத்துக்குப் பின்னால் போய்க் குளத்தின் நீர்மட்டத்தைக் கவனியுங்கள். அது நீங்கள் சற்று முன்பு நின்ற தரையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயர வேறுபாடுதான் ஆலையின் சொத்து. மற்றதெல்லாம் அதைச் சம்பாதிப்பதற்காகவும் காப்பாற்றுவதற்காகவும் செய்யப்பட்டவை. இதே ஓடையில் மேலே நடந்தால் வரும் ஃபோர்ஜ் டாம் குளத்தோடும் அதற்குக் கீழுள்ள வயர் மில் குளத்தோடும் தாமஸ் போல்சோவர் என்பவரின் பெயர் சேர்ந்து நிற்கிறது. 1740களில் செம்பின்மேல் வெள்ளித்தகட்டைப் பதித்து உருட்டும் ‘ஷெஃபீல்டு பிளேட்’ முறையைக் கண்டவர் அவரே. ஷீஃப் ஆற்றங்கரையில் உள்ள ஆபிடேல் தொழிற்குடியிருப்பு இதைவிடப் பெரியது; அங்கே மூசையில் (உருக்கும் மண்கலத்தில்) எஃகு உருக்கிய உலையும் நீரால் இயங்கிய சம்மட்டிகளும் இருக்கின்றன. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் ஷெப்பர்ட் வீல் மட்டுமே போதும்.

வரைபடத்தோடு ஒரு மாலை

ரிவெலினுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் இரண்டு மணி நேரம் வரைபடங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; பெயரைப் பார்த்து ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம், இங்கிலாந்தும் அதில் இருக்கிறது. மைலுக்கு ஆறு அங்குல அளவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த முதல் பதிப்பைத் திறந்து, பக்கத்தில் இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் ஓரமாக அதனோடு ஒட்டியும் ஒட்டாமலும் போகும் இன்னொரு மெல்லிய இரட்டைக் கோடு தெரியும். ஆறு வளைந்து நெளியும்போதும் அது அவ்வளவாக வளையாது, அதுதான் வாய்க்கால். அதன் முடிவில் நீண்ட முக்கோணமாகவோ கேரட் வடிவிலோ ஒரு குளம் இருக்கும். குளத்தின் அகன்ற முனையில் நேரான கரையும் அதற்குக் கீழே சின்னச் சதுரமாக ஒரு கட்டடமும் இருக்கும். ஐந்தாறு இடங்களைப் பார்த்ததுமே இந்த வடிவம் கண்ணுக்குப் பழகிவிடும், பிறகு எழுத்தைப் படிக்காமலே ஆலையை அடையாளம் காண்பீர்கள்.

அதே தளத்தில் லேசர் அலகிடலால் எடுத்த நிலமேற்பரப்புப் படத்தையும் அடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். மரங்களை நீக்கிவிட்டுத் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் அந்தச் சாம்பல்நிறப் படத்தில், காட்டில் நின்று பார்த்தால் ஒருபோதும் தெரியாத உலர்ந்த வாய்க்கால்கூட நகத்தால் கீறியதுபோல் தெரியும். நடைபாதை உரிமைகளுக்கு இன்றைய ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்புளோரர் வரிசையின் 278ஆம் எண் வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்வதோடு, முக்கியமான பகுதியைத் தாளிலும் அச்சிட்டு எடுத்துப்போவது நல்லது. பள்ளத்தாக்கின் அடியில் அலைவரிசையை நம்ப முடியாது, ஈரக் கையுறையோடு கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டிருப்பதும் சுகமான வேலை அல்ல.

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே சிறந்தவை. கோடையில் பெரணியும், ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்துவிட்ட இமாலய பால்சமும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் சிறிய மேட்டுக்கும் நிழல் விழச்செய்யும். கனத்த மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் போகாதீர்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போனால் ஆறு அடங்கியிருக்கும், ஆனால் பழைய வாய்க்கால்களின் அடியில் இன்னும் ஈரம் நின்று அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

மேலிருந்து கீழே

லாக்ஸ்லியும் ரிவெலினும் கலக்கும் மாலின் பிரிட்ஜில் டிராம் முடிகிறது. ஆதலால் பெரும்பாலோர் அங்கிருந்து மேல்நோக்கி நடக்கிறார்கள். முதல் பயணத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படி நடந்தால் ஒவ்வோர் ஆலையையும் தலைகீழாகச் சந்திப்பீர்கள்: முதலில் கழிவுநீர் வாய்க்கால் (சாக்கடை அல்ல, சக்கரத்தை ஓட்டிவிட்டு வெளியேறும் நீர் போகும் வழி), பிறகு சக்கரக் குழி, பிறகு குளம், கடைசியில் தடுப்பணை. மேலே ரெயில்ஸ் ரோடு வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கி, தண்ணீர் போகிற திசையிலேயே கீழே நடந்து, மாலின் பிரிட்ஜில் டிராம் ஏறுங்கள். நேராக நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம். பார்த்துக்கொண்டு நடந்தால் ஒரு நாள் போதாது. முதல் நாளில் நான்கு ஆலைகளை ஒழுங்காகப் பார்த்தாலே அதிகம்.

தடுப்பணையிலிருந்து தொடங்குங்கள். இங்குள்ள பழைய தடுப்பணைகளில் பல, ஆற்றுக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கட்டப்பட்டவை. சாய்வு எந்தக் கரையை நோக்கித் தண்ணீரை ஒதுக்குகிறதோ அந்தக் கரையில்தான் வாய்க்காலின் வாய் இருக்கும். அங்கே செதுக்கிய இரண்டு கல்தூண்கள் எதிரெதிராக நிற்கின்றனவா, அவற்றின் உள்முகத்தில் செங்குத்தாக ஒரு காடி வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மதகுப் பலகை ஏறி இறங்கிய காடி அது. பலகை மக்கி மண்ணோடு மண்ணாகியிருக்கும். சில இடங்களில் அதைத் தூக்கிய இரும்புத் தண்டின் அடிக்கட்டை மட்டும் துருவேறி நிற்கும். தடுப்பணையே உடைந்துபோன இடத்தில், ஆற்றின் நடுவே இயற்கையாகக் கிடக்க முடியாத ஒழுங்கில் பெரிய கற்கள் ஒரு வரிசையாகத் தெரியும். அந்த வரிசையைக் கரைவரை நீட்டிப் பார்த்தால் வாயைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது வாய்க்கால், உள்ளூர்ப் பேச்சில் ‘கோய்ட்’. இந்தப் பயணத்தில் நான் மிக அதிக நேரம் செலவிடச் சொல்வது இதற்குத்தான், ஏனெனில் ஆலையின் தந்திரமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஆறு சரிந்துகொண்டே போகிறது. வாய்க்கால் ஏறக்குறைய மட்டமாகப் போகிறது. வாயருகே நின்றால் இரண்டுக்கும் உயர வேறுபாடு கணுக்கால் அளவுகூட இருக்காது. வாய்க்கால் கரைமேல் நூறு எட்டு நடந்துவிட்டு ஆற்றைப் பாருங்கள். இடுப்பளவு கீழே இருக்கும். இன்னொரு நூறு எட்டு நடந்தால் ஆற்றில் நிற்பவரின் தலை உங்கள் காலடிக்குக் கீழே போய்விடும். வாய்க்கால் எங்கேயும் ஏறவில்லை. ஆறு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்த இருநூறு எட்டை ஒரு தடவை கவனமாக நடந்தவர்கள் பிறகு எந்தப் பள்ளத்தாக்கிலும் ஆலை வாய்க்காலைத் தவறவிடுவதில்லை.

உலர்ந்துபோன வாய்க்கால் மலைச்சரிவில் வெட்டிய ஒரு படிபோல் இருக்கும்: மேல்பக்கம் சரிவு, நடுவில் தட்டையான தளம், கீழ்ப்பக்கம் வாய்க்காலைத் தோண்டிய மண்ணால் ஆன தாழ்ந்த வரப்பு. அந்த வரப்பு இருப்பதே முக்கிய அடையாளம். நடைபாதைகளும் சரிவில் இப்படித்தான் வெட்டப்பட்டிருக்கும், ஆனால் பாதை மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். வாய்க்காலுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு முறை அருமையான மட்டத்தில் போன ஒரு தளத்தை அரைமணி நேரம் முள்ளுக்குள் பின்தொடர்ந்து, கடைசியில் ஒரு சாக்கடை ஆய்வுக்குழியின் இரும்பு மூடிமேல் வந்து நின்றேன். சாக்கடைக் குழாயும் மெல்லிய சரிவில்தான் போட்டாக வேண்டும் என்பது அன்றைக்கு முன் எனக்குத் தோன்றவில்லை. எனவே இரண்டு முனைகளையும் உறுதிசெய்யாமல் எதையும் வாய்க்கால் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். மேல்முனை ஒரு தடுப்பணையிலோ முந்தைய ஆலையின் கழிவுநீரிலோ தொடங்க வேண்டும், கீழ்முனை ஒரு குளத்தில் முடிய வேண்டும்.

குளத்தைப் பற்றி ஒரு சொல் எச்சரிக்கை: ஷெஃபீல்டில் ‘டாம்’ என்பது அணைக்கரையை மட்டும் குறிக்காது, தேங்கிய நீரையும் சேர்த்தே குறிக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் டாமில் வாத்து நீந்துகிறது என்றால் சரியாகத்தான் சொல்கிறார். ஓடையில் வரும் நீர் சக்கரத்தை நாள் முழுவதும் ஓட்டப் போதாது. அதனால் இரவில் தேக்கிப் பகலில் செலவழித்தார்கள். இதனால் ஓர் ஆலையின் காலைநேர வேலை அதற்கு மேலுள்ள ஆலையைப் பொறுத்தது. மேலே உள்ளவர் மதகைத் திறக்கும்வரை கீழே உள்ளவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கோடையில் இந்தக் காத்திருப்பு நாட்கணக்கிலும் நீண்டிருக்கும். பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் நகரத்துக் குடிநீருக்காக 1848இல் முடிக்கப்பட்ட ரிவெலின் நீர்த்தேக்கங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீரைத் தடுப்பவர்கள் கீழே உள்ள ஆலைகளுக்கு ஈடாகத் தண்ணீர் விட்டாக வேண்டும் என்பது அந்தக் காலத்து நீர்த்திட்டங்களின் பெரிய பிரச்சினையாகவே இருந்தது.

இன்று சில குளங்களில் தண்ணீர் நிற்கிறது, பல தூர்ந்துவிட்டன. தூர்ந்த குளம் காட்டுக்குள் திடீரென்று வரும் தட்டையான சதுப்பாக இருக்கும், அதில் ஆல்டர் மரங்கள் நெருக்கமாகவும் ஏறக்குறைய ஒரே வயதுடையவையாகவும் நிற்கும். அந்தத் தட்டையின் மேல் நடக்காதீர்கள். உலர்ந்த இலை மூடியிருந்த அப்படிப்பட்ட ஓர் இடத்தில் நான் வைத்த இடது கால் முழங்கால்வரை இறங்கியது. காலை எடுக்க முடிந்தது, காலணியை எடுக்கப் படுத்துக்கொண்டு துழாவ வேண்டியிருந்தது. குளத்தைக் கரைமேல் சுற்றி வந்து பார்ப்பதே முறை. கரையில் ஓரிடத்தில் கல் பாவிய தாழ்வு ஒன்று இருக்கும். வெள்ளம் வந்தால் மிகைநீர் கரையை உடைக்காமல் ஆற்றுக்குத் திரும்புவதற்கான கலிங்கு அது. சக்கரத்துக்குப் போகும் மதகு இதற்கு அப்பால், கரையின் தாழ்ந்த கோடியில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. கலிங்கு அகலமாகவும் ஆழமின்றியும் இருக்கும், மதகு குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும்.

சக்கரக் குழி

கரைக்குக் கீழே, நீளமாகவும் குறுகலாகவும், நல்ல செதுக்குக் கல்லால் கட்டிய ஒரு பள்ளம் தெரிந்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஆலையின் மற்றச் சுவர்களை எப்படியோ கட்டியிருப்பார்கள். குழியின் சுவரை மட்டும் கவனித்துக் கட்டியிருப்பார்கள், ஏனெனில் அது ஓயாத ஈரத்தையும் அதிர்வையும் தாங்க வேண்டும். சுவரின் உள்முகத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சக்கரம் சற்று ஒருபக்கம் சாய்ந்து உரசிய இடங்களில் வில்வடிவக் கீறல்கள் தெரியக்கூடும். அந்த வில்லைக் கண்ணால் முழுவட்டமாக நிறைவுசெய்து பார்த்தால் சக்கரத்தின் அளவு வந்துவிடும். அச்சு உட்கார்ந்த கல் மற்றவற்றைவிடப் பெரியதாகவும், மேல்முகத்தில் போல்ட்டு துளைகளோடும் துருக்கறையோடும் இருக்கும்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் விழுந்தால் கிடைப்பது 9.8 வாட். நொடிக்கு 100 லிட்டர், நான்கு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 3.9 கிலோவாட். ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த சோதனை முடிவுகளின்படி, உச்சியில் நீர் விழும் சக்கரம் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவைப் பயன்படுத்தும். அடியில் நீர் மோதும் சக்கரம் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. ஆக, நம் கற்பனை ஆலைக்குக் கிடைப்பது சுமார் 2.6 கிலோவாட், அதாவது மூன்றரைக் குதிரைத்திறன். இன்றைக்கு இங்கிலாந்து வீடுகளில் ஒரு தண்ணீர்க் கெண்டியைச் சூடாக்கும் மின்சாரம் ஏறக்குறைய இவ்வளவுதான். இதற்காகத்தான் அத்தனை தூரம் வாய்க்கால் வெட்டினார்கள். உங்கள் இடத்தில் குளக்கரையின் உச்சிக்கும் குழியின் அடிக்கும் இடையே உள்ள உயரத்தை ஒரு தடியால் உத்தேசமாக அளந்து, இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உயரம் நிறைய இருந்தால் உச்சிவீழ்ச்சிச் சக்கரம் இருந்திருக்கலாம்; கீழ்ப்பள்ளத்தாக்கில் சரிவு குறையக் குறைய நடுமட்டத்திலோ அடியிலோ நீர் தாக்கும் சக்கரங்களுக்குத்தான் வாய்ப்பு.

குழியைச் சுற்றிக் கிடக்கும் வட்டக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். சாணைக்கல்லும் மாவரைக்கும் திரிகைக்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் வேலை நேர்மாறானது. திரிகைக்கல் தன் தட்டையான முகத்தால் அரைக்கும். அந்த முகத்தில் கதிர்போல் விரியும் பள்ளங்கள் இருக்கும். சாணைக்கல் தன் விளிம்பால் தேய்க்கும். முகம் சாதாரணமாக இருக்கும், விளிம்பு வழவழவென்று இருக்கும், நடுத்துளை பெரும்பாலும் சதுரமாக இருக்கும். தேய்ந்து சிறுத்த சாணைக்கற்களை அவர்கள் வீணாக்கவில்லை. சுவருக்கு மேல்கல்லாகவும், ஓடை ஓரத்தில் படியாகவும், வாசலில் பாவுகல்லாகவும் வைத்தார்கள். பாதையோரச் சுவரில் பிறைவடிவக் கல் ஒன்று தெரிந்தால் அது பாதி உடைந்த சாணைக்கல்லாக இருக்கக்கூடும்; கையை வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழியிலிருந்து வெளியேறும் கழிவுநீர் வாய்க்கால் ஆழமாகவும் நிழலாகவும், சில இடங்களில் கல்வளைவுக்குள்ளும் போகும். வெளியிலிருந்து பாருங்கள், உள்ளே நுழையாதீர்கள். அது ஆற்றில் சேர்ந்த சிறிது தூரத்திலேயே அடுத்த தடுப்பணை வந்துவிடும். சில இடங்களில் ஆற்றைத் தொடாமலே அடுத்த குளத்துக்குப் போய்விடும். ஓர் ஆலை விட்ட இடத்தில் அடுத்தது பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தாக்கில் ஓர் அடி உயரத்தைக்கூட அவர்கள் சும்மா விடவில்லை என்பது இரண்டாவது ஆலையை முடிப்பதற்குள் புரிந்துவிடும்.

ஆபத்தும் சட்டமும்

ஈரமான தடுப்பணையின் முகத்தில் ஏறவே கூடாது. பாசி படிந்த சாய்கல் காலை வாரிவிடும், அடியில் சுழலும் நீர் ஆளை எளிதில் விடாது. இடிந்த சுவரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், வேர்கள் அதைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. எலியின் சிறுநீரால் பரவும் நோயும் பழைய தொழிற்கூடங்களின் உலோகக் கழிவும் வண்டலில் இருக்கக்கூடும். காயத்தை மூடிக்கொண்டு போய், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள். வசந்தத்திலும் கோடையிலும் உண்ணிகள் இருக்கும், வீடு திரும்பியதும் கால்களைச் சோதித்துப் பாருங்கள். தனியாகப் போனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவைப்பது அவசியம். அவசர உதவிக்கு 999.

பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் பொதுப்பாதை இருக்கிறது. ரிவெலின் இயற்கைத் தடம் என்ற பெயரில் அடையாளப் பலகைகளும் உண்டு. பாதையை விட்டு விலகும் முன் அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். சில பழைய ஆலைகள் இன்று வீடுகள். சில குளங்கள் மீன்பிடிப்போருக்கு உரியவை. வேலியைத் தாண்டாமல் கேட்டுவிட்டால் பல சமயம் வீட்டுக்காரரே வெளியே வந்து கொல்லைப்புறத்து மதகைக் காட்டுவார். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட இடத்தில் அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலை இணையத்தில் இடம்வாரியாகத் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லாத இடத்திலிருந்தும் சாணைக்கல் துண்டைக்கூட எடுத்துவர வேண்டாம். இருந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த கல் எந்த ஆலையைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடக் கட்ட எண், வாய்க்கால் எந்தக் கரையில், உயர வேறுபாடு எவ்வளவு, எது தண்ணீரோடு இருக்கிறது, எது தூர்ந்துவிட்டது என்று நான்கு வரி போதும். நிழற்படம் எடுக்கும்போது அளவு தெரிவதற்காக ஒரு தடியையோ நண்பரையோ படத்துக்குள் நிறுத்துங்கள். பாசி மூடிய சக்கரக் குழி அளவில்லாமல் எடுத்த படத்தில் கிணறுபோலவும் தெரியும், சாக்கடைபோலவும் தெரியும்.

அடுத்த பள்ளத்தாக்கு

ரிவெலின் பழகிவிட்டால் பக்கத்திலுள்ள லாக்ஸ்லிக்குப் போங்கள், ஆனால் அங்கே கண்ணை வேறுவிதமாக வைத்துக்கொள்ள வேண்டும். 1864 மார்ச் 11ஆம் தேதி இரவு, மேலே புதிதாகக் கட்டி முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த டேல் டைக் அணை உடைந்து, வெள்ளம் லாக்ஸ்லி வழியாக ஷெஃபீல்டுக்குள் புகுந்தது. குறைந்தது 240 பேர் இறந்தார்கள். வழியில் இருந்த ஆலைகள் அடித்துச் செல்லப்பட்டன. எனவே லாக்ஸ்லியில் நீங்கள் பார்க்கும் கட்டுமானத்தில் ஒரு பகுதி அந்த இரவுக்குப் பிறகு எழுப்பப்பட்டது. தளம் பழையது, கல் புதியது. நட்ட ஈடு கேட்டுப் பாதிக்கப்பட்டவர்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான மனுக்கள் பாதுகாக்கப்பட்டு இணையத்திலும் கிடைக்கின்றன. சாணைக்கல், தோல்பட்டை, கருவி, மேசை, உடுப்பு என்று இழந்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆலைக்குள் உண்மையில் என்னென்ன இருந்தன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், இடிபாட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த மனுக்களில் இரண்டு மூன்றைப் படித்துவிட்டுப் போகலாம்.

நகரத்தின் நடுவில் டான் ஆற்றங்கரையிலுள்ள கெல்ஹாம் ஐலண்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அங்கே தொழில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1905இல் செய்த, 12,000 குதிரைத்திறன் கொண்ட ரிவர் டான் நீராவி எந்திரத்தைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. மூன்றரைக் குதிரைத்திறன் கணக்கைக் குழியோரம் போட்டுப் பார்த்தவருக்கு அந்த எண்ணின் பாரம் தெரியும். ஆனால் எந்திரத்துக்குப் போகும் முன் வாசல் பக்கத்துச் சிறு நீரோட்டத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஊர் மாவாலைக்குத் தண்ணீர் கொண்டுபோக 12ஆம் நூற்றாண்டில் வெட்டிய கோய்ட் அது. ஆற்றுக்கும் அதற்கும் இடையே அகப்பட்ட நிலத்துக்குத்தான் தீவு என்று பெயர் வந்தது.